எடைக்கு எடை மல்லாட்டை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு.

விழுப்புரத்தில் ஒரு இதய டாக்டரின் அறை. என் அண்ணன் பாண்டுரங்கன் எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்றார். மாரடைப்பு வந்து, பிழைத்து, வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்து வந்த செக்கப் அது. டாக்டர் ஜெசிந்தா குனிந்து எண்ணைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தார்.

"இன்னாங்க இது? எடை குறையணும்னு சொல்லி அனுப்பினேன். ரெண்டு கிலோ ஏறி வந்திருக்கீங்க."

அண்ணன் திருதிருவென்று முழித்தார். ஓரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணி லட்சுமியம்மாள் மட்டும் சிரித்தார். வாய்விட்டு இல்லை. பிள்ளை பாஸாகிவிட்டது என்று கேள்விப்பட்ட தாய் சிரிப்பாளே, அப்படி. உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் கவனிக்கவில்லை. நான் கவனித்துவிட்டேன்.

நான் வேணி. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மிச்ச நேரத்தில் சிறுபத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறேன். என்னைப் போன்றவர்கள் இருக்கும் அறையில் யாரும் அப்படிச் சிரிக்கக்கூடாது. அன்று ஊர் திரும்பும் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் செல்போனிலேயே முதல் வரியை அடித்துவிட்டேன். கணவனுக்கு ஆபத்து கூடியிருக்கிறது என்கிறார் டாக்டர், மனைவி சந்தோஷப்படுகிறாள். ஏன்? இந்தக் கேள்வி கிடைத்ததும் அண்ணனைப் பற்றிய பயம்கூட எனக்குக் கொஞ்சம் மறந்துபோனது. எழுதுகிறவர்கள் அவ்வளவு ஒன்றும் நல்லவர்கள் இல்லை.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள். அழிக்க மனம் வரவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.

(அ) "கார்த்திகை மாத அடைமழையில் பாண்டுரங்கனின் இதயம் ஒரு கணம் தன் வேலையை..."

வேண்டாம். அன்று மழையே இல்லை. நல்ல வெயில். அண்ணன் தன் ஊரான காணைப் பக்கம் கழனியில் நின்று டிராக்டர்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தபோதும் வாய் ஓயவில்லையாம். "வலிக்குதுய்யா, இருந்தாலும் நீ ஓரம் வரைக்கும் ஓட்டல" என்றாராம். அந்த டிராக்டர்காரர்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்குப் பறந்தார்.

(ஆ) "மனித உடலின் எடை என்பது உண்மையில் என்ன? அது வெறும்..."

கட்டுரை. எழுதும்போதே கொட்டாவி வந்தது.

(இ) "அவள் அவனைக் கொல்லத் தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை."

இதை எந்த ஆசிரியரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். நாலு நாள் இதைத்தான் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரே ஒரு சிக்கல். இது பொய்.

3

மருத்துவம் படிக்காதவள் எழுதும் மருத்துவப் பகுதி இது. டாக்டர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே போட்டுவிடுகிறேன். என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை.

"அடைப்பை எடுத்தாச்சுங்க. ஆனா அடிபட்ட எடம் அடிபட்டதுதான். இதயம் பம்ப் பண்ற சக்தி கொறைஞ்சிருக்குது. இப்படி இருக்கறவங்களுக்கு இன்னொரு தடவ வலி வந்துதான் ஆபத்துன்னு இல்ல. பேசிக்கினு இருக்கும்போதே துடிப்பு தாறுமாறாயி நின்னுடலாம். உடம்பு எடையும் கூடுதலா இருந்தா அந்த ஆபத்தும் கூடுதல். மொத சில மாசம்தான் ரொம்ப முக்கியம்."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

"பட்டினி கெடக்கச் சொல்லல. மெதுவா கொறைங்க. மாத்திரை ஒரு வேளைகூட தவறக்கூடாது. எண்ணெய், நெய்யக் கொறைங்க. தெனம் நடங்க."

"தனியா நடந்தா பேஜாரா இருக்குதுங்க."

"யார்கிட்டயாவது பேசிக்கினே நடங்க."

அந்த யாரோ நானாகிவிட்டேன். காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் திண்டிவனத்திலிருந்து போன் போடுவேன். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு, போனைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வரப்பில் நடப்பார். நாட்டு நடப்பெல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, "நீ எழுதுவியே, அதையாவது படி" என்றார். படித்தேன். பக்கத்துக் கழனியில் களை எடுத்தவர்களும் சேர்ந்து கேட்டார்கள்.*

"இது யார் கதை?"

"உன் கதைதான்."

கொஞ்ச தூரம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "எழுது. ஆனா உன் கதைல வர்றவன் எவனும் கடைசி வரைக்கும் தாங்கினது இல்ல. என்னைச் சாவடிச்சிடாத."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

* அவர்களில் ஒருவர் அண்ணனிடம், "உன் தங்கச்சிக்கு ஊட்ல எதுனா பிரச்சனையா?" என்று கேட்டாராம். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்ததிலேயே நேர்மையான விமர்சனம்.

4

இனி அண்ணி. இந்தப் பாத்திரத்தில்தான் நான் தடுமாறினேன்.

அந்தச் செக்கப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காணைக்குப் போனேன். அண்ணன் கூடத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அண்ணி அடுப்படியில் கேப்பைக் களியைத் தட்டில் வைத்து, நடுவில் விரலால் குழி பறித்து, ஒரு கரண்டி நெய்யை அதில் ஊற்றி, மேலே இன்னொரு கை களியை வைத்து மூடினார். வெளியில் பார்த்தால் வெறும் களி. பத்தியச் சாப்பாடு.

"அண்ணி! இன்னா பண்றீங்க?"

"கத்தாத. அவருக்குக் கேக்கப்போவுது."

"அவருக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா துன்னமாட்டாரு. டாக்டரு சொல்லிட்டாங்கன்னு பயந்து கெடக்கறாரு."

பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அண்ணனை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோன அன்று, மருந்துக்காக ஒரு நர்ஸ் எடையைக் கேட்டிருக்கிறார். நூற்றுப் பன்னிரண்டு என்று யாரோ சொன்னது அண்ணி காதில் விழுந்திருக்கிறது. அந்த நிமிடமே எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டுவிட்டார். ஆளைத் திருப்பிக் கொடு, எடைக்கு எடை எங்கள் கழனி மல்லாட்டையை உன் வாசலில் கொட்டுகிறேன்.**

"குடுத்துட்டா. முழுசா குடுத்துட்டா. மல்லாட்டை சித்திரையிலதான் புடுங்குவோம். அன்னைக்கி தராசுல எளைச்ச ஆள ஒக்கார வெச்சா இன்னா அர்த்தம்? நேந்துக்கினது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணா? வேல முடிஞ்சதும் கொறைச்சிக் குடுக்கறாளேன்னு அவ நெனைக்கமாட்டாளா? குடுத்தத எடுத்துக்க அவளுக்கு எவ்ளோ நேரமாவும்?"

[இங்கே ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு பகுத்தறிவுச் சொற்பொழிவு இருந்தது. பேசியது நான். அண்ணி பதில் சொல்ல முடியாமல் தலைகுனிவது போல எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். நடந்தது அதுவல்ல.]

நடந்தது இது. "அம்மன் எடுக்கிறாளோ இல்லையோ, நீங்களே எங்கண்ணன அனுப்பிடுவீங்க போல இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா எப்படிப் போனாரு தெரியுமா உனக்கு? எளைச்சி எளைச்சிப் போனாரு. கடைசியில நானே இடுப்புல தூக்கிக்கினு போயி குளிப்பாட்டினேன். ஒரு கொழந்த கனம்கூட இல்ல அவரு. இப்ப வந்து, எளைச்சாதான் உசுரு நிக்கும்னு சொல்றீங்க. படிச்சவங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும். புத்திக்கு ஏறுது வேணி. கைக்கு ஏறலியே. தட்டுல கொறைச்சி வெக்கப் போனா கை நடுங்குது."

(இ) தொடக்கத்தை எழுதிய விரல்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொல்லத் தீர்மானித்தவளாம். இந்தப் பெண்மணி மூன்று வேளையும் ஒரு மனிதரைச் சாகவிடாமல் பிடித்துவைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். பிடித்த இடம்தான் தப்பு.

கூடத்திலிருந்து அண்ணன், "இன்னா அங்க மாநாடு? பசிக்குது" என்றார். நான் அந்தத் தட்டை எடுத்து நானே தின்றேன். களி நன்றாகத்தான் இருந்தது.

 ** மல்லாட்டையை வேர்க்கடலை, நிலக்கடலை என்றெல்லாம் சொல்வார்கள். அப்படி எழுதினால் அண்ணன் வரப்பிலேயே நின்றுவிடுவார்.

5

அடுத்த செக்கப்பில் அண்ணனை வெளியே உட்கார வைத்துவிட்டு, அண்ணியை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கதைக்கும் அது தோதாக இருந்திருக்கும். டாக்டர் திட்டவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நீங்க நேந்துக்கினது அன்னைக்கி இருந்த எடைக்குத்தானே அம்மா? அது மாறப்போறதில்ல. அதே எடைக்கு மல்லாட்டையக் குடுங்க. அதுக்கு ஆளு எதுக்கு அப்படியே இருக்கணும்?"

"தட்டு சமமா நிக்கணுமே டாக்டர். ஒரு பக்கம் ஆளு, ஒரு பக்கம் மல்லாட்டை. ஆளு பக்கம் தூக்கிக்கினு நின்னா ஊரே பாக்கும். அம்மனும் பாக்கும்."

டாக்டர் நாற்காலியை அண்ணி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தட்டு எப்படியோ போவட்டும்மா. அவரு அதுல வந்து ஒக்காரணும் இல்ல? அதுக்கு அவரு சித்திரை வரைக்கும் இருக்கணும். அத மட்டும் பாப்போம்" என்றார்.

அண்ணி எழுந்து வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டு வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் என் மனதுக்குள் கதையை முடித்துக்கொண்டிருந்தேன். மாறவே மாறாத ஒரு பாத்திரம், அதனால் நேரும் துக்கம். கச்சிதமான கதை. அதில் சாகப்போவது என் அண்ணன்.

ஆனால் என் பாத்திரங்கள் என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை. அண்ணி வீட்டுக்குப் போய் ஒரு காலி எண்ணெய் டின்னைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறார். அன்று முதல், குழம்புக்கு வழக்கமாக எவ்வளவு ஊற்றுவாரோ அவ்வளவு எண்ணெயையும் கரண்டியில் எடுப்பார். கொஞ்சத்தைச் சட்டியில் ஊற்றுவார். மிச்சத்தை டின்னில் ஊற்றிவிடுவார். கை பழகிய அளவைக் கை எடுத்துவிட்டது. குறைத்துவைக்கிறோமே என்ற நடுக்கமும் இல்லை.

இது எனக்குத் தெரியவந்தது மாசியில், ஒரு போனில்.

"வேணி, டின்னு தூக்க முடியல. இவ்ளோவுமா அந்த மனுசன் உடம்புக்குள்ள போய்க்கினு இருந்துது?"

"ஆமா அண்ணி."

"ஒண்ணு கேக்கட்டுமா? இது அவரு பங்குதானே? அவருக்கு எடுத்த எண்ணெய்தானே? தராசுல அவரு மடியில இத வெச்சிட்டா கணக்கு சரியாப்பூடும் இல்ல?"

நான் கணக்கு டீச்சர். இருபது வருடமாகச் சமன்பாடு நடத்துகிறேன். ஒரு பக்கம் குறைந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போனை வைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், பக்கத்து வீட்டு அம்மணி வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பூசாரி விருத்தாசலத்திடம் கேட்டபோது அவர், "அந்த எண்ணெய் அப்புறம் வெளக்குக்குத்தானே?" என்றார். ஆமாம் என்றார் அண்ணி. "அப்ப சரி" என்றார் பூசாரி. சாஸ்திரம் முடிந்தது.

பங்குனிச் செக்கப்பில் அண்ணன் மெஷினில் ஏறினார். டாக்டர் குனிந்து பார்த்தார். எண் இறங்கியிருந்தது. நான் திரும்பி அண்ணியைத்தான் பார்த்தேன். அதே நாற்காலி, மடியில் அதே பை. அவர் சிரித்தார். இந்த முறை முந்தானையால் மூடிக்கொள்ளவில்லை. இதயத்தின் பம்ப்பும் கொஞ்சம் தேறியிருக்கிறது என்றார் டாக்டர். "ஆபத்து போயிடுச்சின்னு சொல்லமாட்டேன். கொறைஞ்சிருக்குது. நல்லாவே கொறைஞ்சிருக்குது." கார்த்திகையிலிருந்து நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்றை அன்றுதான் விட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கி, திண்டிவனத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

6

கைவசம் உள்ள முடிவுகள்.

முதல் முடிவு: "கடைசி முறம் கொட்டப்பட்டது. தட்டு மெல்ல எழுந்தது. பாண்டுரங்கன் அண்ணாந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன்..."

இதைப் பங்குனிக்கு முன்பே, ஒரே மூச்சில் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பத்தி இதுதான். அண்ணனுக்குப் படித்துக் காட்டவில்லை. செய்து கொடுத்த சத்தியம் ஒரு காரணம். குறைந்திருக்கிறது என்றுதானே டாக்டர் சொன்னார், போய்விட்டது என்று சொல்லவில்லையே என்பது இன்னொரு காரணம். இந்த முடிவைப் பொய் என்று தூக்கிப்போட முடியவில்லை. எனக்குப் பிடிக்காத ஓர் உண்மையாக அது போனிலேயே இருக்கிறது.

இரண்டாம் முடிவு: எல்லாம் அம்மன் செயல். டாக்டரும் வந்து கும்பிடுகிறார். (டாக்டரிடம் சொன்னேன். "நான் வேளாங்கண்ணிக்கே போவ நேரமில்லாம கெடக்கறேன்" என்றார்.)

மூன்றாம் முடிவு: ஊரே திருந்தி, வரிசையாக வரப்பில் நடக்கிறது. சுகாதாரத்துறை சுவரொட்டி. வேண்டாம்.

நான்காவது, அண்ணன் சொன்னது: "தராசுலேர்ந்து எறங்கி நேரா போயி ஒரு பிளேட் மட்டன் பிரியாணி துன்னாருன்னு போடு."

"அண்ணி கேட்டுக்கினு இருக்காங்களா?"

"பக்கத்துலதான் நடக்கறா. இப்ப அவளும் வர்றா. சரி, அரை பிளேட்டுன்னு போடு."

7

சித்திரை. இன்று காலை.

கோயில் வாசலில் தராசு கட்டியிருக்கிறார்கள். அண்ணன் ஒரு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டை தோளில் தொளதொளவென்று கிடக்கிறது. மடியில் எண்ணெய் டின், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருக்கிறார். எதிர்த் தட்டில் எங்கள் கழனி மல்லாட்டைகள். நேர்த்திக்கென்று சித்திரை பிறந்ததுமே பிடுங்கிக் காயவைத்தவை. மூட்டை மூட்டையாக ஏற்றியாகிவிட்டது. அண்ணன் தட்டு இன்னும் தரையில்தான் இருக்கிறது, ஆனால் லேசாக ஆடத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு முறம் போதும் என்கிறார் பூசாரி.

கடைசி முறத்தைக் கூடப்பிறந்தவள்தான் கொட்டவேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அந்த முதல் முடிவில் கடைசி முறத்தை எழுதினேன். இப்போது அந்த முறம் என் கையில் இருக்கிறது. அந்தப் பத்தி என் கைப்பையில், போனுக்குள் இருக்கிறது.

அண்ணி எதிரே நிற்கிறார். அவர் தராசைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மனிதர் இளைத்து, அதே சமயம் நன்றாகவும் இருக்க முடியும் என்பதை இன்னும் முழுதாக நம்பாத பார்வை. ஆனால் நிம்மதியான பார்வை.

"இன்னா வேணி, கதை யோசிச்சிக்கினு நிக்கிறியா? மடி வலிக்குது. ஜல்தி கொட்டு" என்கிறார் அண்ணன். ஊரே சிரிக்கிறது.

நான் கொட்டினேன் என்று எழுதிவிட்டால் கதை முடிந்துவிடும். நாளைக் காலையில் அண்ணன் வரப்பில் இறங்கி, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டால் படிக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. முடிந்த கதைக்காக யார் நடப்பார்கள்? அதனால் முடிக்கமாட்டேன். முடிக்கப் பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் கொஞ்சம் இந்த முறத்தைப் பிடியுங்கள். இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள், கூடப்பிறந்தவர் கணக்குத்தான். பூசாரியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். மெதுவாகச் சாயுங்கள், ஒரேயடியாகக் கொட்டவேண்டாம், மடியில் டின் இருக்கிறது, எண்ணெய் தளும்பும். தட்டு தரையை விட்டு எழும்பும்போது அண்ணன் ஏதாவது சொல்வார். நெஞ்சு வலித்தபோதே சும்மா இருக்காத மனிதர் அவர்.

நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். அவர் பேச ஆரம்பித்ததும் திறந்துகொள்வேன்.